கண் பார்த்ததைக் கை செய்யுமா? வாழ்நாள் கற்றலுக்கான சில இணையத் தளங்கள் குறித்து

சூட்டிகையான பிள்ளைகளைப் பாராட்டும்போது, கண் பார்த்தால் கை செய்யும் என்று சொல்வது வழக்கம். பள்ளிப் படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு, விட்டுப்போன பாடங்களை இணையத்தின் துணையோடு மீண்டும் எடுத்துப் படிக்கத் தொடங்கியபோது, அந்தப் பாராட்டுக்கு எனக்குத் துளியும் தகுதி இல்லை என்பதைக் கண்டுகொண்டேன். மின்னியல், புள்ளியியல், நேரியல் இயற்கணிதம் ஆகிய மூன்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். முதல் ஆறு மாதத்தில் நான் பார்த்து முடித்த காணொளிகளின் எண்ணிக்கை பெருமைப்படும் அளவுக்கு இருந்தது. ஆனால் ஒரு நாள் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் என்றால் என்ன, அதைக் கணக்கிடும்போது சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று எழுத முயன்றபோது, நான்காவது வரியைத் தாண்ட முடியவில்லை. பாடம் நடத்தியவரின் குரல், அவர் பயன்படுத்திய வண்ணங்கள், இடையே சொன்ன நகைச்சுவை எல்லாம் நினைவில் இருந்தன. பாடம் மட்டும் இல்லை. அன்று முதல், நான் பயன்படுத்திவந்த தளங்களை வேறு விதமாக எடைபோடத் தொடங்கினேன். இந்த மதிப்புரை அந்த எடைபோடலின் விளைவு.

இது என் ஒருவனுடைய மந்தபுத்தியின் விளைவு அல்ல என்பதில் சற்று ஆறுதல் உண்டு. 2018இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், அம்பு எறிதல், மூன்வாக் எனப்படும் நடன அசைவு போன்ற திறன்களைக் காட்டும் காணொளிகளைச் சிலருக்கு ஒரே ஒரு முறையும் வேறு சிலருக்குப் பலமுறையும் காட்டினார்கள். பலமுறை பார்த்தவர்கள், தங்களால் அதை நன்றாகச் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள்; செய்து காட்டச் சொன்னபோது, ஒருமுறை பார்த்தவர்களைவிட அவர்கள் எவ்விதத்திலும் மேம்பட்டிருக்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உளவியல் அறிமுகப் பாடம் ஒன்றை இணையத்தில் படித்தவர்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, பயிற்சிகளைச் செய்வதால் கிடைத்த கற்றல் பயன், காணொளி பார்ப்பதாலோ பக்கங்களை வாசிப்பதாலோ கிடைத்ததைப் போல் சுமார் ஆறு மடங்கு இருந்ததாகக் கண்டார்கள். ஆகவே எனக்கு அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். படம் ஓடத் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் இந்தத் தளம் என் கையில் வேலையைக் கொடுக்கிறது, அந்த வேலையில் நான் தவறும்போது அந்தத் தவறை எனக்கு எப்படிக் காட்டுகிறது? படத்தின் தெளிவு, ஆசிரியரின் புகழ், சான்றிதழின் அழகு ஆகியவை எல்லாம் அதற்குப் பின்புதான்.

இந்த அளவுகோலின்படி முதலிடம் பெறுவது, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன் தொகுப்பு. இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அதற்கு அடுத்த ஆண்டில் தொடங்கிய திட்டம் இது. இங்கே காணொளியே கிடையாது. பக்கத்தைத் திறந்தவுடன் வெற்றுப் பலகையும் ஓரத்தில் சில பொருள்களும்தான் இருக்கும்; கை நீட்டாதவர்களுக்கு அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. நேர்மின்சுற்றுகளுக்கான சிமுலேஷனை எடுத்துக்கொண்டால், கம்பி, மின்கலம், பல்பு, மின்தடை, சாவி ஆகியவற்றை இழுத்து வைத்து நாமே சுற்றை அமைக்க வேண்டும். சுற்று முழுமை அடைந்த கணத்தில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல நிறப் புள்ளிகளாக நகரத் தொடங்கும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் மின்கலம் தீப்பிடித்து எரியும். உண்மையான மின்கலத்தை வைத்து யாரும் துணிந்து செய்யக் கூடாத இந்தத் தவறை இங்கே ஆசை தீரச் செய்து பார்க்கலாம் என்பதே இதன் பெருமைகளில் ஒன்று.

பள்ளி நாள்களிலிருந்து எனக்குள் ஒரு தவறான எண்ணம் தங்கியிருந்தது. இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வைத்தால், மின்னோட்டம் முதல் பல்பில் ஓரளவு செலவாகிவிடும், மிச்சம்தான் இரண்டாவது பல்புக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். இது தவறு என்று சொல்லும் காணொளிகளை நான் பார்த்திருக்கிறேன். தலையசைத்து ஒப்புக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் சிமுலேஷனில் 9 வோல்ட் மின்கலத்தோடு தலா 10 ஓம் தடை உள்ள இரண்டு பல்புகளை வரிசையாக இணைத்தபோது, என் விரல் தானாகவே முதல் பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டரையும் இரண்டாவது பல்புக்குப் பின்னால் இன்னொன்றையும் வைத்தது. இரண்டும் 0.45 ஆம்பியர் என்று காட்டின. நம்பிக்கை இல்லாமல் இரண்டு பல்புகளுக்கும் நடுவிலும் ஒன்றை வைத்தேன், அதுவும் 0.45. புள்ளிகள் பல்புக்குள் நுழைந்த அதே வேகத்தில் வெளியேறிக்கொண்டிருந்தன. காணொளியில் ஒருவர் சொல்லும்போது நான் ஒப்புக்கொண்டது அவருடைய முடிவை. இங்கே தோற்றுப்போனது என்னுடைய சொந்தக் கணிப்பு. தோற்ற கணிப்பு மறப்பதில்லை.

இந்தத் தொகுப்பு இலவசமானது. பல சிமுலேஷன்களை ஒரு கோப்பாகத் தரவிறக்கிக்கொண்டு இணைய இணைப்பு இல்லாமலும் இயக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. குறை என்று சொன்னால், வழிகாட்டும் குரல் மிகக் குறைவு. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. என்றாலும் என்ன கேள்வியோடு உள்ளே போக வேண்டும் என்று அறியாத ஒருவர், தீயை இரண்டு முறை எரியவிட்டு மகிழ்ந்துவிட்டு மூடிவிடக்கூடும். கையில் ஒரு பாடநூலையோ, எழுதி வைத்த நான்கு கேள்விகளையோ வைத்துக்கொண்டு நுழைவதே நல்லது.

அந்தக் கேள்விகளைத் தரும் இடமாக எனக்குப் பயன்பட்டது கான் அகாடமி. சல்மான் கான் (நடிகர் அல்லர்) 2004இல் தம் உறவுப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, பின்னர் அப்பாடங்களை யூடியூபில் ஏற்றி, 2008இல் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். கறுப்புப் பின்னணியில் வண்ணக் கோடுகளால் கையெழுத்தில் எழுதிக்கொண்டே பேசும் அந்தப் பாணியில் ஆசிரியரின் முகம் தெரிவதில்லை. எழுத்து உருவாகும் வேகத்திலேயே சிந்தனையும் நடக்கிறது என்பதால், அச்சிட்ட படவில்லைகளைக் காட்டிப் பேசும் பாடங்களைவிட இது பின்தொடர எளிதாக இருக்கிறது. தொடக்ககாலக் காணொளிகள் பத்து நிமிடத்துக்குள் அடங்கியதற்கு அன்றைய யூடியூபின் கால வரம்பும் ஒரு காரணம். ஆனால் அந்த வரம்பு நல்லதையே செய்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, பல்கலைக்கழகப் பாடங்களை இணையத்தில் நடத்தும் எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசியது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அது சொன்னது. எழுதிக்கொண்டே பேசும் பாணிக்கு, வெறும் படவில்லைகளைவிடக் கூடுதலான ஈடுபாடு இருந்ததாகவும் அதே ஆய்வு கண்டது.

இருந்தாலும் கான் அகாடமியின் உண்மையான மதிப்பு, புகழ்பெற்ற அந்தக் காணொளிகளில் இல்லை, அவற்றுக்கு அடியில் இருக்கும் பயிற்சிகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. காணொளியைப் பார்க்காமலேயே நேராகப் பயிற்சிக்குப் போகலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்: முதலில் ஐந்து கணக்குகளைப் போடுவேன், தவறிய இடத்துக்கு உரிய காணொளியை மட்டும் பார்ப்பேன். துப்புக் கேட்டால் படிப்படியாக வழியைக் காட்டுகிறது. ஆனால் துப்பைத் திறந்துவிட்டால் அந்தக் கணக்கு நாமே போட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பு தேர்ச்சி பெற்ற பகுதியைச் சில நாள் கழித்து மறுபடி கேட்டு, தவறினால் நிலையைக் குறைத்துவிடுவதும் அப்படித்தான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் புள்ளிகளையும் பதக்கங்களையும் நரைத்த தலையோடு சேர்த்து வைப்பதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. அதைவிடக் கூச்சமான செய்தி, அவற்றை நான் எண்ணிப் பார்க்கவும் செய்கிறேன் என்பது. தெரிவு செய்யும் விடைகளில் ஊகம் பலித்துவிடும் அபாயம் உண்டு. எனவே விடையைத் தொடும் முன் தாளில் காரணத்தை எழுதிவிடும் பழக்கத்தை நானே வலிந்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இவை இரண்டுக்கும் நேர் எதிராக நிற்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் திறந்த பாடத் தொகுப்பு. 2001இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் இன்று 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித விரிவுரைகள் பல்கலைக்கழக வகுப்பறையில் கரும்பலகையின் முன் நின்று நடத்தப்பட்டவை. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குமேல் ஓடுபவை. ஆறு நிமிடக் கணக்கை வைத்துப் பார்த்தால் இவை தோற்றிருக்க வேண்டும். ஆனால் அவர் பேசும்போது அடிக்கடி நின்று, அடுத்து என்ன வரும் என்று வகுப்பைக் கேட்கிறார். அந்த மௌனத்தில் காணொளியை நிறுத்திவிட்டுத் தாளில் எழுதிப் பார்க்கக் கற்றுக்கொண்டால், நீளமான விரிவுரை பத்துச் சிறிய பாடங்களாகப் பிரிந்துவிடுகிறது. சுயமாகப் படிப்பவர்களுக்கென்று பின்னர் அமைக்கப்பட்ட பதிப்பில், பயிற்சிக் கணக்குகளை விளக்கும் குறுங்காணொளிகளும் உண்டு. அவற்றில் உதவி ஆசிரியர்கள் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, இப்போது காணொளியை நிறுத்திவிட்டு நீங்களே முயன்று பாருங்கள் என்று சொல்கிறார்கள். காணொளியே தன்னை நிறுத்தச் சொல்வதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறு எந்தத் தளத்தின் அசைவூட்டமும் தரவில்லை. நிறுத்தாமல் விடையைப் பார்ப்பவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை என்பதும் உண்மைதான். திருத்தித் தர ஆளில்லாததால், வெளியிடப்பட்டிருக்கும் விடைகளோடு நம் விடைகளை நாமே நேர்மையோடு ஒப்பிட வேண்டும். அடிப்படை உறுதியாக இல்லாதவர்கள் இங்கே தொடங்க வேண்டாம். கான் அகாடமியில் சில மாதங்கள் கழித்துவிட்டு வரலாம்.

இந்தத் தொகுப்பை நான் மேலும் மதிப்பதற்கு இன்னொரு காரணம், அது கையைவிட்டுப் போகாது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால், காணொளியையும் குறிப்புகளையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். இதன் அருமை, வேறொரு தளத்தில் பட்ட பிறகே எனக்குப் புரிந்தது. அதன் பெயரைச் சொல்வதில் பயன் இல்லை, ஏனென்றால் அதைப் போன்றவை பல உண்டு. புள்ளியியல் பாடம் ஒன்றில் பாதி வழியில் இருந்தபோது, வீட்டில் உடல்நலக் குறைவின் காரணமாக ஏழு வாரம் படிக்க முடியாமல் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால், இலவசமாகப் படிப்பவர்களுக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. நான் எழுதிய விடைகளும், காணொளிகளின் ஓரத்தில் அந்தத் தளத்திலேயே குறித்து வைத்த குறிப்புகளும் பூட்டப்பட்டிருந்தன. வாழ்நாள் கற்றல் என்று முகப்பில் எழுதி வைத்துக்கொண்டு, வாழ்க்கை குறுக்கிடுவதற்கு ஏழு வாரம்கூட இடம் கொடுக்காத ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? அன்றிலிருந்து என் குறிப்புகள் எதையும் எந்தத் தளத்துக்குள்ளும் எழுதுவதில்லை. காகிதக் குறிப்பேடு காலாவதியாவதில்லை.

கட்டணச் சான்றிதழை மையமாகக் கொண்ட பெரிய தளங்களைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. கோர்செராவும் எடெக்ஸும் 2012இல் தொடங்கியபோது எழுந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எடெக்ஸில் நடத்திய பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, 2017-18இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரே படிப்பை முடித்ததாகவும், பணம் செலுத்திச் சரிபார்ப்புப் பிரிவில் சேர்ந்தவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே முடித்ததாகவும் காட்டியது. இந்த எண்களைத் தோல்வியின் அடையாளமாகச் சொல்பவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. திட்டவிலக்கத்தைப் புரிந்துகொள்ள வந்தவர், அது புரிந்த மூன்றாவது வாரத்தில் விலகிப்போனால் அவருடைய வேலை முடிந்துவிட்டது. வேலை மாற்றத்துக்குச் சான்றிதழ் தேவைப்படுபவர்கள், கெடு தேதி இருந்தால்தான் உட்கார்ந்து படிப்போம் என்று தங்களைப் பற்றி அறிந்தவர்கள் ஆகியோருக்கு இத்தளங்கள் பணத்துக்கு ஏற்ற பயனைத் தரக்கூடும். மற்றவர்கள் சேரும் முன், ஒவ்வொரு காணொளிக்கும் இடையே வரும் பயிற்சி எத்தகையது என்று ஒரு வாரப் பாடத்தையாவது திறந்து பார்ப்பது நல்லது. சொன்னதை அப்படியே திருப்பிக் கேட்கும் இரண்டு வரிக் கேள்விகள் பயிற்சியில் சேர்த்தி அல்ல.

காணொளியின் அடியில் ஓடும் வசன வரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அவை அலங்காரம் அல்ல. பல்லூடகக் கற்றலைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர், படத்தோடு குரலும் வரும்போது அதே சொற்களைத் திரையிலும் எழுதிக் காட்டினால் கற்பவரின் கவனம் சிதறுகிறது என்று சோதனைகளில் கண்டார். படத்தையும் எழுத்தையும் கண் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். ஆனால் பாடத்தின் மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. என் அனுபவத்தில் இரண்டும் உண்மை. விரிவுரையைக் கேட்கும்போது வசன வரிகள் இல்லாவிட்டால் பாதிச் சொற்கள் நழுவுகின்றன. வரிகள் ஓடினால், கரும்பலகையில் அணி, அதாவது வரிசையும் நிரலுமாக அடுக்கிய எண் கட்டம், எப்படி உருமாறுகிறது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறேன். நான் கண்ட வழி இதுதான்: முதலில் பேச்சு முழுவதையும் எழுத்தில் தரும் எழுத்துப் படியை மட்டும் தனியாக வாசித்துவிட்டு, பிறகு வரிகளை அணைத்துவிட்டுக் காணொளியைப் பார்க்கிறேன். இதற்கு எழுத்துப் படியைத் தனியே தரும் தளமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எம்.ஐ.டி. தொகுப்பு இதில் சிறந்தது. தானியங்கி வசன வரிகளை நம்பிப் படிப்பது ஆபத்தானது. தளம் ஒன்றில், சமன்பாட்டில் வரும் எதிர்க்குறியைச் சொல்லும் சொல்லையே தானியங்கி வரி விழுங்கிவிட்டதால், ஒரு கணக்கோடு நான் ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டினேன்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும், ஒரு மாதம் கழித்துப் பாதி மறந்துவிடுகிறது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மையே சோதித்து மறதியின் வேகத்தை அளந்து காட்டியிருக்கிறார் என்பதால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் நடந்த தேர்வுகளில் முந்தினார்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக்கிக் கருவியாக்கியதுதான் அன்கி. 2006 முதல் வெளிவரும் இந்தத் திறந்த மூல மென்பொருளில், முன்புறம் கேள்வியும் பின்புறம் விடையுமாக அட்டைகளை நாமே எழுதி வைக்கிறோம். விடை எவ்வளவு எளிதாக நினைவுக்கு வந்தது என்று நாம் சொல்வதைப் பொறுத்து, அடுத்து அந்த அட்டையை நாளைக் காட்டுவதா, மூன்று வாரம் கழித்துக் காட்டுவதா என்று அது முடிவு செய்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் கட்டணம். படத்தையும் ஒலியையும் அட்டையில் சேர்க்கலாம் என்பதால், பின்னக் கோட்டின் கீழே என்ன வரும் என்பதை மறைத்துவிட்டு சூத்திரத்தின் படத்தை மட்டும் காட்டும் அட்டைகளை நான் செய்துவைத்திருக்கிறேன்.

பார்ப்பதற்கு அன்கி அழகாக இல்லை. முதல் நாள் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவர்கள் மிரண்டு மூடிவிடக்கூடும். அமைப்பு எதையும் தொடாமல், ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டைகளுக்கு மேல் சேர்க்காமல் தொடங்கினால் போதும். பிறர் செய்து பகிர்ந்த அட்டைத் தொகுப்புகளை நான் பரிந்துரைக்கவில்லை, ஏனெனில் எதைக் கேள்வியாக்குவது என்று யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது. நான்கு நாள் விட்டுவிட்டால் நிலுவை அட்டைகள் குவிந்து அச்சுறுத்தும். ஏழு வார இடைவெளிக்குப் பிறகு எனக்கு நானூறு அட்டைகள் காத்திருந்தன; நாளுக்கு முப்பது என்று வரம்பு வைத்துத் தீர்த்தேன். பூட்டு எதுவும் போடாமல் அவை காத்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு தளங்களிலும் இல்லாத ஒன்றை, வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் நண்பர் ஒருவரிடம் பெறுகிறேன். அவர் இந்தப் பாடங்கள் எதையும் படித்தவர் அல்லர். நான் அந்த வாரம் கற்றதை விளக்கச் சொல்லிக் கேட்பார், அவ்வளவுதான். இரண்டு பல்புகளுக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது, எதுவும் செலவாவதில்லை என்று நான் வெற்றிக் களிப்போடு விளக்கியபோது, அப்படியானால் பல்பு எரிவதால் குறைவதுதான் எது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, சிமுலேஷனைத் திறந்து, இந்த முறை மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டரை எடுத்து முதல் பல்பின் இரு முனைகளிலும் வைத்தேன். 4.5 வோல்ட் என்று காட்டியது.